அடுப்பூரில் எனக்கு ஒரு ஓட்டு

நாங்கள் இங்கிலாந்து போனது இரும்பு கடைகிற ஒரு பழைய லேத் மிஷினைப் பார்க்க. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் சேர்ந்து பம்பு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு சின்ன ஊரில் பட்டறையை மூடப்போகிற ஒருவரிடம் நல்ல லேத் இருக்கிறது என்று புரோக்கர் சொன்னார். நேரில் ஓட்டிப் பார்க்காமல் இவர் எதையும் வாங்க மாட்டார். வெளியூர்ச் சாப்பாடு இவர் வயிற்றுக்கு ஆகாது. அதனால் பத்தாவது வரை படித்த நான் ஒரு பை நிறைய அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், வரமிளகாயோடு விமானம் ஏறினேன்.

எனக்குச் சமைக்கத் தெரியும் என்று எல்லோரும் நம்பியதுதான் வேடிக்கை. எங்களுடையது கூட்டுக் குடும்பம். வீட்டில் அடுப்பு ஒன்றே ஒன்று. அது என் மூத்த ஓரகத்தியுடையது. அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. கல்யாணமாகி வந்த வாரத்தில் ஒரு முறம் சின்ன வெங்காயத்தை என் முன்னால் வைத்து, "உரிச்சுக் குடு கண்ணு" என்றார். இன்னும் உரித்துக்கொண்டிருக்கிறேன். தாளிப்பது அவர், காரம் எவ்வளவு என்பது அவர், உப்பு அவர். மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதில் எனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாகம் பிரிக்கவோ முகம் திருப்பிக்கொள்ளவோ அல்ல. என் சோற்றுக்கு என் கையால் உப்புப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருகிறவள் நான்.

லண்டனிலிருந்து அந்த ஊருக்கு ரயில். நல்ல ரயில்தான், கூட்டமும் இல்லை. எதிர் சீட்டில் ஒருவர் வெறும் ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு சிப்ஸை வைத்து, அதன்மேல் இன்னொரு ரொட்டியை வைத்து அமுக்கிச் சாப்பிட்டார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். "நம்மள வரவேற்குது புள்ள" என்றார் இவர். அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்கண்ணா, நீங்க எங்க போறீங்க?"

இவர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அப்ப எந்திரிங்க, எந்திரிங்க! அடுத்த ஸ்டேசன்ல ரயிலை ரெண்டாப் பிரிச்சுருவாங்க. இந்தப் பொட்டி வேற ஊருக்குப் போகுதுங்க. அதத்தான் அந்தப் பொம்பள அப்பப் புடிச்சுக் கத்துது."

அவள் பெயர் ஜெசிந்தா. போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்த பெண். நாங்கள் போகிற அதே ஊரில் வயதானவர்கள் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஸ்டேஷனில் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் முன்பெட்டிக்கு ஓடினோம். என் பையிலிருந்து வெங்காயம் நாலைந்து பிளாட்பாரத்தில் உருண்டது. ஒரு வெள்ளைக்காரர் அவற்றைப் பொறுக்கி, பூண்டு என்று நினைத்தாரோ என்னவோ, மிகவும் மரியாதையாக என் கையில் கொடுத்தார்.

அந்த ஊரின் பெயரை நான் சொன்னால் அங்கே யாருக்கும் புரியவில்லை. அவர்கள் சொன்னால் எனக்குப் புரியவில்லை. அதனால் அடுப்பூர் என்று வைத்துக்கொள்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும். கல் வீடுகள், ஒரு சந்தைத் திடல், ஒரு சர்ச். மொத்த ஊரும் நம் ஊர் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பக்கத்துக்குக்கூடக் காணாது. நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரர் மார்கரெட் என்கிற விதவை, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். காலையில் வெந்த பயறைச் சர்க்கரைத் தக்காளிச் சாற்றில் மிதக்கவிட்டுக் கொடுத்தார். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்தேன்.

லேத்தின் சொந்தக்காரர் பெரிய தொந்தியும் சிவந்த முகமும் கொண்டவர். மிஷினை ஓட்டிக் காட்டினார். இவர் காதை வைத்துக் கேட்டார், தடவினார், முகர்ந்தும் பார்த்தார். பிடித்துவிட்டது. ஆனால் விலை பேச அவர் தயாராக இல்லை. ஜெசிந்தா லீவு நாளில் துணைக்கு வந்திருந்தாள். அவள் சொன்னாள்: "சனிக்கிழமை எலக்சன் இருக்குதாமாண்ணா. அது முடிஞ்சாத்தான் மத்ததெல்லாமாம்."

என்ன எலக்சன் என்பதை அன்று சாயங்காலம் மார்கரெட் விளக்கினார். பாலைத் தனியாகவும் டீயைத் தனியாகவும் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைக் கழற்றிவந்து காட்டினார். அவர் சொல்லச் சொல்ல ஜெசிந்தா தமிழில் சொன்னாள்.

இந்தத் துளியூண்டு ஊர் ஒரு காலத்தில் ஒரு தனிப் பாராளுமன்றத் தொகுதியாம். அதுவும் ஒருவரல்ல, இரண்டு பேரை அனுப்பியதாம். அதே நாட்களில் மில்லும் புகையுமாக லட்சக்கணக்கில் ஆட்கள் குவிந்த பெரிய ஊர்களுக்கு ஒருவர்கூடக் கிடையாதாம். கோயமுத்தூருக்கு ஒன்றுமில்லை, பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஒரு தெருவுக்கு மட்டும் இரண்டு எம்.பி. என்று வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி. ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன்பு சட்டம் போட்டு இந்த மாதிரித் தொகுதிகளை ஒழித்தார்கள். அடுப்பூர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதனால் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, வேஷம் போட்டுக்கொண்டு பழைய முறைப்படி, ஒரே ஓர் இடத்துக்கு, தாங்களே ஒரு தேர்தலை நடத்திக்கொள்கிறார்கள்.

"யாருக்கெல்லாம் ஓட்டுன்னு கேளு ஜெசி" என்றார் இவர்.

"தனி அடுப்பு இருந்தா ஓட்டுங்களாம்."

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

சில தொகுதிகளில் அதுதான் விதியாம். சொந்த அடுப்பில் சொந்தப் பானையைக் கொதிக்க வைக்கிறவனுக்கு ஓட்டு. அடுத்தவன் அடுப்பில் பொங்கித் தின்கிறவனுக்கு இல்லை. பொய் சொல்லிவிடுவார்கள் என்று, தேர்தலுக்கு முன்னால் தெருவில் அடுப்பு மூட்டி, நாலு பேர் பார்க்கச் சமைத்துக் காட்ட வேண்டுமாம். ஒரே பானை பின்வாசல் வழியாக வீடு வீடாய்ப் போன கதையெல்லாம் உண்டாம். வேட்பாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒரு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, புதிதாக ஓர் அடுப்புக் கட்டிக்கொடுத்து, ஒரு ஓட்டை இரண்டாக்கிக்கொள்வார்களாம்.

இதில் எங்களுக்கு வியக்க ஒன்றுமில்லை. ரேஷன் கார்டு தனியாகக் கேட்டால் தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார் அல்லவா? எங்கள் தெருவில் ஒரே கேஸ் அடுப்பு, அதிகாரிக்கு ஒரு வீடு முன்னதாக, சந்து வழியாக ஓடியிருக்கிறது. மூன்றாவது வீட்டில் அவர், "இந்த அடுப்பை எங்கியோ பாத்திருக்கறனே" என்றாராம். "எல்லாம் ஒரே கம்பெனிங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். இவர் இதைச் சொன்னதும் மார்கரெட் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"அந்தக் காலத்துல அடுப்ப மூட்டுனது பொம்பள, ஓட்டுப் போட்டது ஆம்பள" என்று மார்கரெட் சொன்னதாக ஜெசிந்தா சொன்னாள். "இப்ப இந்த வெளையாட்டுல அத மாத்திட்டாங்களாம். அடுப்ப யாரு மூட்டறாங்களோ அவங்களுக்குத்தான் ஓட்டாம். இவங்க ஓட்டு எழுதற கணக்கர் வேசம் போடறதால சமைக்க முடியாதாம். இந்த ஊட்டு அடுப்புக்கு நீங்க நிப்பீங்களான்னு கேக்கறாங்கக்கா."

நான் இல்லை என்று சொல்வதற்குள் இவர், "நிக்கும் நிக்கும்" என்றுவிட்டார்.

மறுநாள் இவருக்கே ஒரு வேஷம் கிடைத்தது. இரண்டு வேட்பாளர்களில் ஒருவர் லேத்காரர். இன்னொருவர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அந்த இடத்துக்கு லேத்காரரே இவரைக் கூப்பிட்டார். இவர் முதலில் என்னிடம் சொன்னது: "அந்தாளுகிட்டத் தோத்துக் குடுத்துரலாம் புள்ள. சந்தோசத்துல மிசின் வெலையக் கொறைப்பாரு."

இந்த ஞானம் அரை நாள்கூட நிற்கவில்லை. இவர் ஒருமுறை எங்கள் ஊரில் வார்டு மெம்பருக்கு நின்று ஒரே ஒரு ஓட்டில் தோற்றவர். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று இன்றுவரை கல்யாண வீடுகளில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து யோசிக்கிறவர். தலையில் பழங்காலத் தொப்பியையும் மார்பில் மஞ்சள் ரிப்பனையும் மாட்டியதும் ஆளே மாறிவிட்டார். பழைய வழக்கப்படி வேட்பாளர் ஓட்டர்களுக்குத் தின்னவும் குடிக்கவும் கொடுக்கலாம். லேத்காரர் பீப்பாயில் பீர் வைத்தார். இவர், நாங்கள் பரிசாகக் கொண்டுபோன முறுக்கு அத்தனையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கும்பிட்டார். ஒரு கிழவரின் நாயைத் தூக்கிக் கொஞ்சினார். உங்கள் ஊரிலும் ஓட்டுக்கு ஏதாவது கொடுப்பது உண்டா என்று மார்கரெட் கேட்டார். "சேச்சே, நம்மூர்ல அதெல்லாம் கெடையாதுன்னு சொல்லு" என்றார் இவர். ஜெசிந்தா அதை மொழிபெயர்க்காமல் முறுக்கைக் கடித்தாள்.

சனிக்கிழமை திடலில் வரிசையாக இரும்புக் கூடைகளில் தீ மூட்டினார்கள். ஒவ்வொரு தீயின் மேலும் ஒரு பானை. பெரும்பாலும் உருளைக்கிழங்கை வேகவைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். என் முன்னாலும் ஒரு கூடை, ஓர் இரும்புப் பானை. வெங்காயம் உரித்துத் தயாராக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அதற்கு அடுத்தது என்ன என்பதில்தான். அக்கா செய்ய நான் பார்த்ததை நினைத்து எண்ணெயைக் காய வைத்தேன். கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, வெங்காயம், தக்காளி. பிறகு அரிசியும் பருப்பும். எங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு ஒரே பானையில் முடிகிற விஷயம்.

மிளகாயைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன். திடல் முழுவதும் இருமியது. லேத்காரருக்கு ஓட்டுச் சொல்ல வரிசையில் நின்ற ஒருவர் இருமி முடிப்பதற்குள் எதற்கு வந்தோம் என்று மறந்து, தண்ணீர் தேடிப் போய்விட்டார். எதிராளியின் ஓட்டைக் கலைக்க அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழி தெரியாமல் போயிற்றே என்றார்களாம் பக்கத்தில்.

இந்தத் தேர்தலில் சீட்டு, பெட்டி, மறைப்பு எதுவும் கிடையாது. பழைய முறைப்படி மேடை ஏறி, வேட்பாளர் பெயரை எல்லோர் காதிலும் விழும்படி வாயால் சொல்ல வேண்டும். மார்கரெட் இறகுப் பேனாவால் எழுதிக்கொள்வார். இது எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் ஜுரம் என்று படுத்திருப்பேன்.

ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். சரிக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக என்னை மேடைக்கு அனுப்பினபோது இரண்டு பக்கமும் சமம். இவர் முகத்தில் வார்டு தேர்தல் தெரிந்தது. கிட்டே வந்து மெல்லிய குரலில், "சட்டுனு சொல்லிப்போட்டு எறங்கு அம்மணி, மழ வாராப்பல இருக்குது" என்றார்.

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. "எனக்கு என்னங்க தருவீங்க?" என்றேன்.

"என்னது?"

"ஊருக்கெல்லாம் முறுக்குக் குடுத்தீங்க. அவரு பீரு குடுத்தாருங்க. எனக்கு ஒருத்தரும் ஒண்ணுந் தரலீங்களே."

ஜெசிந்தா மேடைக்குக் கீழே செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்திருக்கலாம். அப்படியே ஆங்கிலத்தில் கூட்டத்துக்குக் கத்திச் சொன்னாள். கூட்டம் கைதட்டியது.

"ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் புள்ள."

"ஊட்டுக்குப் போனா எனக்கு ஓட்டு இருக்காதுங்களே."

"அட, என்ன வேணும்? சொல்லித் தொல!"

"மாடியில எனக்குன்னு ஒரு அடுப்பு வேணுமுங்க."

ஜெசிந்தா இதையும் சொன்னாள். திடலே அதிர்ந்தது. மார்கரெட் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். ஓட்டுக்கு விலையாக அடுப்புக் கேட்பது அவர்களுடைய பழைய வழக்கம் அல்லவா? இந்தியாவிலிருந்து வந்த அம்மாள் தங்கள் சரித்திரத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படித்து நடிக்கிறாரே என்று அவர்களுக்கு ஆச்சரியம். நான் நடிக்கவில்லை என்று அங்கே தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்.

"அண்ணி என்ன நெனைப்பாங்க? அண்ணன் மூஞ்சிய எப்புடிப் பாக்கறது?" என்றார் இவர். கண்கள் ஓட்டுப் புத்தகத்தின் மேலேயே இருந்தன.

"அப்பச் செரிங்க. நான் அவருக்கே போட்டர்றேன்."

"ஏய், இரு இரு!" தொப்பியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "செரி. குடுத்தேன்."

"சத்தியம் வாங்குங்கக்கா, சத்தியம்!" என்றாள் ஜெசிந்தா.

கையை நீட்டினேன். அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னிலையில் பளாரென்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தத்துக்கு ஒரு குழந்தை அழுதது.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். "இவருக்குத்தானுங்க என்ற ஓட்டு" என்று கையைக் காட்டினேன். மார்கரெட் தலையை ஆட்டினார். கை காட்டினால் செல்லாது. "என்ற ஊட்டுக்காரருக்கு" என்றேன். அதுவும் செல்லாது. பெயரைச் சொல்ல வேண்டும்.

இவர் பெயரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் பல பேர் அப்படித்தான். பேங்கில் கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். ஜெசிந்தா இதை விளக்கியதும் கூட்டத்தில் ஒரே குசுகுசுப்பு. லேத்காரருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தன் பெயரை மெதுவாக, எழுத்து எழுத்தாக, சின்னக் குழந்தைக்குச் சொல்லித் தருவது போல எனக்கு இரண்டு தரம் சொல்லிக்காட்டினார். சொல்ல மிகவும் சுலபமான பெயர்தான்.

"சொல்லிப்போடு கண்ணு, சாமி ஒண்ணுஞ் சொல்லாது" என்றார் இவர். அவர் என்னைக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

சொன்னேன். முதல் எழுத்துத்தான் கஷ்டம். அப்புறம் மீதி தானாக வந்தது. இனிஷியலோடு சேர்த்துச் சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அங்கே சொன்னதற்கு எனக்கு ஓர் அடுப்புக் கிடைத்தது, இங்கே எழுதினால் யார் என்ன தருவார்கள்?

இவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கித் திடலைச் சுற்றினார்கள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தும் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. என் பானைச் சோறு அடி தெரிய வழிக்கப்பட்டது. லேத்காரர் கண்ணீரும் மூக்குமாக இரண்டாம் தரம் வாங்கித் தின்றுவிட்டு, மிஷின் விலையைத் திங்கட்கிழமை நியாயமாகவே பேசி முடித்தார்.

இவர் செய்த ஒரே தவறு, வெற்றி பெற்ற சந்தோஷத்தில் செய்ததுதான். ஜெசிந்தா எடுத்த வீடியோவை அவளிடமிருந்து வாங்கி, "இங்கிலாந்தில் வெற்றி" என்று எழுதி, வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். நாற்காலியில் ஊர்வலம் போவதை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்கு முன்னால் இருந்த பேரம் முழுக்கத் தமிழில், தெளிவாகக் கேட்கிறது என்பது ரயிலேறிய பிறகுதான் உறைத்தது. அழிக்கப் பார்த்தார். அதற்குள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. அவர் அண்ணன் மகன், "சித்தி மாஸ்" என்று போட்டிருந்தான். அக்கா ஒன்றும் போடவில்லை. பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு இரண்டு மட்டும் இருந்தன.

விமானத்தில் வழி முழுக்க இவர் தூங்கவில்லை. "அது வெளையாட்டுக்குப் பேசுனதுன்னு சொல்லிரலாமா?" என்றார்.

"சத்தியமுங்க" என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா கூடத்தில் காப்பியோடு நின்றார். இவர் மிஷினைப் பற்றி அண்ணனிடம் பேசப்போகிறவர் போல் நேராகப் பட்டறைக்குப் போய்விட்டார். தேர்தல் முடிந்ததும் ஆளைக் காணாமல் போவதிலும் முறையாகத்தான் இருந்தார்.

"மாடிக்குக் கேஸ் பைப் இழுக்க ஆளுக்குச் சொல்லிப்போட்டேன்" என்றார் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எனக்கும் இத்தன பேருத்துக்கு ஆக்கிப்போட்டுச் சலிச்சுத்தான் போச்சு. நானும் உங்கிட்டச் சொன்னதில்ல. ஆனா ஒண்ணு கண்ணு. கடல் தாண்டிப் போயி, வெள்ளக்காரன் முன்னால மேடையேறிச் சொல்றதுக்கு, இங்க எம் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கறப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

காப்பியை வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாடியில் அடுப்பு மூட்டினேன். அரிசிம்பருப்புத்தான். முதல் கரண்டியை ஒரு கிண்ணத்தில் போட்டு, நெய் ஊற்றிக் கீழே கொண்டுபோனேன். அக்கா நின்றபடியே ஒரு வாய் எடுத்து மென்றார்.

"உப்புப் பத்தல கண்ணு" என்றார்.

"எனக்கு இது போதுமுங்கக்கா" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தோடு உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.